எந்தத் தாளைக் கேட்பது? தோட்டத்துக் குடியிருப்புக் காணிக்கு இருக்கும் வழிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனின் பழைய பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் இடம்) இருபது, இருபத்தைந்து பேர் கூடினோம். அரசு காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது, குத்தகைக்கு விடுவது பற்றிய சட்டங்களை மாற்ற வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. அப்படி மாற்றினால் தோட்டத்து ஆட்கள் நாங்கள் என்ன கேட்பது? "உறுதி வேணும்" என்றார்கள் எல்லோரும், அதாவது காணி எங்களுடையது என்று காட்டும் பத்திரம். எந்த உறுதி என்று கேட்டதும் ஆளுக்கொரு பதில் வந்தது.

"தாளு கையில வந்தா சரி தம்பி. பேரு எதுவா இருந்தா நமக்கென்ன?" என்றார் பெரியப்பா.

"உங்க கையிலதான் ஏற்கெனவே ஒரு தாள் இருக்கே பெரியப்பா. அத வச்சு கரண்ட் எடுக்க முடிஞ்சுதா?" என்று கேட்டேன். அவரே சிரித்துவிட்டார்.

பெரியப்பாவின் தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் இரட்டை வீட்டுத் திட்டத்தில் கடன் எடுத்துக் கட்டிய வீடு அவருடையது. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டினார்கள். அந்தச் சம்பளத் துண்டுகளை ரப்பர் பட்டி போட்டு, பெரியம்மாவின் பழைய படங்குத் துண்டில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். கடைசித் தவணை முடிந்ததும் ஆபீசில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். 'குடியிருக்க அனுமதிக்கப்படுகிறது' என்று அதில் இருக்கிறது. 'சொந்தம்' என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. மகன் கல்யாணம் முடித்து, பக்கத்தில் ஒரு அறை இறக்கி, தனி மின்சார இணைப்புக்கு எழுதிப் போட்டபோது தோட்டத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். தொரை (தோட்ட மேலாளர்) லீவு, சின்னத் தொரைக்கு அதிகாரம் இல்லை, பெரிய கிளாக்கர் பைலைத் தேடுகிறார் என்று ஆறு நடை நடந்தார்கள். கட்டி முடித்த கடனுக்கு, சொந்தக் காசில் போட்ட சுவருக்கு, ஆறு நடை.

அதனால் ஒரு தாளைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதை யார் திருப்பி வாங்கலாம்? மகளுக்குப் போகுமா, வங்கி வாங்குமா, தண்ணீருக்கும் கரண்டுக்கும் இன்னொருவரின் கடிதம் தேவைப்படுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நாங்கள் நிற்கும் மண் யாருடையது என்பதே ஒரு பெரிய கதை. 1840 இல் வெள்ளைக்காரன் ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டான். கோப்பித் தோட்டமும் பிறகு தேயிலைத் தோட்டமும் அப்படி எழுந்தவை. 1972 இன் 1 ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. காணி காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போனது. அங்கிருந்து ஜனவசம என்ற அரச தோட்டச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் வந்தது. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது, பிறகு அது 53 வருடக் குத்தகையானது. அந்தக் குத்தகை 2045 இல் முடிகிறது. ஆக, ஒரு லயக் காம்பராவுக்கு (வரிசை வீட்டின் ஓர் அறைக்கு) மேலே நாலு அடுக்கில் உரிமைக்காரர்கள். ஐந்தாவது அடுக்கில், பத்தடிக்குப் பன்னிரண்டடியில், நாங்கள்.

கூட்டத்தில் ஒரு பொடியன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "பத்து வருஷம் ஒரு எடத்துல இருந்தா அது நமக்குச் சொந்தம்னு சொல்றாங்களே? நாம தலைமுறை தலைமுறையா இருக்கோமே அண்ணே?" பத்து வருட ஆட்சி என்பது 1871 இன் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு அரசுக்கு எதிராக ஓடாது. அதோடு, வேலை கொடுத்தவனின் அனுமதியில் இருப்பவன் எத்தனை தலைமுறை இருந்தாலும் அனுமதியில் இருப்பவன்தான். இன்னொரு பக்கம், 1979 இன் 7 ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப் பெறல் சட்டம் இருக்கிறது. அதன்படி நீதவான் முன்னால் நிறுத்தினால், எழுத்தில் செல்லுபடியான அனுமதி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. எங்கள் கொள்ளுப்பாட்டி நட்ட பலா மரத்தைக் காட்டி அங்கே ஒன்றும் பேச முடியாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இப்போது இருக்கும் கடிதத்தை அப்படியே சட்டத்தில் ஏற்றுங்கள், 'குடியிருப்பு அனுமதி' என்று பெயர் வையுங்கள் என்று ஒருவர் சொன்னார். செலவில்லை, சர்வேயர் தேவையில்லை, நாளைக்கே கிடைக்கும். ஆனால் அது வேலையோடு கட்டிய கயிறு. வீட்டில் யாராவது ஒருவர் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு)ப் போக வேண்டும், இல்லாவிட்டால் அறையைப் பற்றிப் பேச்சு வரும். இன்றைக்கு எங்கள் லயத்தில் பாதிப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் கார்மெண்டிலும் நிற்கிறார்கள். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

அடுத்தது குத்தகை. 1947 இன் 8 ஆம் இலக்கச் சட்டம், இப்போது அரச காணிகள் கட்டளைச் சட்டம் என்கிறோமே, அதன் கீழ் அரசு காணியை நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம். வழக்கமாக 30 வருடம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது: எழுத்தில் இருக்கும், பதிவு செய்யலாம், இடையில் சும்மா எழுப்ப முடியாது. ஹோட்டல் போடுகிறவருக்கும் தொழிற்சாலை போடுகிறவருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அவர் 30 வருடத்தில் போட்டதை எடுத்துவிட்டுப் போவார். வீடு அப்படியா? நாற்பது வயதில் குத்தகை எடுத்தவர் எழுபதில் மறுபடி விண்ணப்பப் படிவத்தோடு பிரதேச செயலகத்தில் நிற்க வேண்டும். வருடக் குத்தகைப் பணம் வேறு, அதைச் சில வருடத்துக்கு ஒரு முறை மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். நாட்சம்பளக்காரர் இரண்டு வருடம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கம்பனியிடமிருந்து உள்குத்தகை வாங்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. கம்பனியின் கையில் இருப்பதே 2045 வரைதான். அதற்கு மேல் அவர்களால் எதையும் கொடுக்க முடியாது. இன்றைக்கு அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், இன்று பிறக்கும் பிள்ளைக்கு இருபது வயது ஆவதற்குள் அது காலாவதி.

மூன்றாவது வழியில்தான் கூட்டத்தில் அதிக நேரம் போனது, எனக்கும் அதில் கொஞ்சம் கோபம் உண்டு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1935 இன் 19 ஆம் இலக்கம். கிராமத்தில் 'பேமிட் காணி' என்று சொல்வது இதைத்தான். முதலில் அனுமதிப்பத்திரம். குடியிருந்து, நிபந்தனைப்படி திருத்தி எடுத்தால், பிறகு அளிப்புப் பத்திரம். ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயரில் கொடுத்ததெல்லாம் இந்த வழிதான்.

இதன் நல்லதைச் சொல்ல வேண்டும். நாடு முழுக்க லட்சக்கணக்கான குடும்பம் இதில்தான் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் இதற்குப் பைல் உண்டு, அதிகாரி உண்டு, பழக்கம் உண்டு. புது வழி வெட்டுவதைவிடப் பழைய பாதையில் நடப்பது லேசு. ஆனால் அந்தத் தாள் கையைக் கட்டிப் போடுகிறது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. நொத்தாரிசு முத்திரை குத்தினாலும் செல்லாது. ஈடு வைப்பதென்றாலும் எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள், குறிப்பிட்ட வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும்தான். பின்னுரிமை என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது: உங்களுக்குப் பிறகு யார் என்று நீங்களே பெயர் குறிப்பிட்டுப் பதிய வேண்டும். பதியாமல் புருஷன் செத்துப்போனால் மனைவிக்கு இருந்து ஆளும் உரிமைதான், தன் விருப்பப்படி இன்னொருவருக்கு எழுத முடியாது. பிறகு உறவினர் வரிசைப்படி போகும். அந்த வரிசையில் ஆண் பிள்ளைக்குத்தான் முன்னிடம் என்று எண்பது வருடத்துக்கு மேல் இருந்தது. 2022 இன் 11 ஆம் இலக்கத் திருத்தம்தான் அதை எடுத்தது. தோட்டத்தில் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துக் கடன் கட்டியது பெரும்பாலும் பெண்கள் என்பதை நினைத்தால், இந்தச் சட்டத்தின் பழைய வாசனை எனக்குப் பிடிப்பதில்லை.

கோபம் அதைப் பற்றி மட்டும் இல்லை. 1935 இல் இந்தச் சட்டம் வந்தபோதே இந்திய வம்சாவளியினரை வெளியில்தான் நிறுத்தினார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் மிச்சமிருந்த கதவையும் சாத்தியது. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் குடியுரிமைப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது. இதற்குள் கிராமத்து ஆட்கள் அனுமதிப்பத்திரத்தில் ஏறி, அளிப்புக்குப் போய்விட்டார்கள். 2024 பெப்ரவரியில் 'உறுமய' என்று ஒரு திட்டம் தொடங்கினார்களே, அனுமதிப்பத்திரக்காரருக்கு முழு உறுதி என்று. நல்லதுதான். ஆனால் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவருக்குத்தான் அது உறுதியாக மாறும். லயத்தில் இருப்பவரிடம் மாற்ற என்ன இருக்கிறது? இப்போது எங்களை அந்த ஏணியின் முதல் படியிலிருந்து ஏறச் சொல்வது, மற்றவர்களுக்கு ஏணியே தேவையில்லை என்று முடிவெடுத்த பிறகு.

அதனால் நாலாவது: சின்னக்கர உறுதி. நிபந்தனை இல்லாத முழு உரித்து. விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எந்த வங்கியிலும் மேசையில் வைக்கலாம். பறிக்க வேண்டுமானால் அரசு எல்லோருடைய காணியையும் எடுப்பது போல முறைப்படி சுவீகரித்து நட்டஈடு கொடுக்க வேண்டும். 'பசுமை பூமி' என்ற பெயரில் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கொடுத்த காலத்திலிருந்தே இந்த ஆசை எங்கள் ஆட்களுக்கு உண்டு. பிறகு 10 பேர்ச்சஸ் என்ற கணக்கு வந்தது.

7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. கடதாசியில் பார்த்தால் தாராளம். நானும் தம்பியும் ஒரு நாள் கயிறு பிடித்து எங்கள் லயத்துக்குப் பின்னால் அளந்து பார்த்தோம். சாய்வில் மண் வெட்டித் தட்டு எடுத்தால் மேல் பக்கம் ஆறடி கரைச் சுவருக்குப் போகிறது, கீழ்ப் பக்கம் கானுக்கு (வடிகாலுக்கு) ஒரு மூன்றடி. 550 சதுர அடி வீடு, மலசலகூடக் குழி, நடக்க ஒரு பாதை. மிஞ்சியது அம்மா கறிவேப்பிலையும் கொஞ்சம் லீக்ஸும் நடும் அளவு. மகனுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு அங்குலம் இல்லை. 10 பேர்ச்சஸ் என்றால் இன்னும் எண்ணூறு சதுர அடி சேர்கிறது, ஒரு அறையாவது இறக்கலாம். தோட்டம் முழுவதையும் கேட்கிறார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு லட்சம் குடும்பத்துக்கு ஆளுக்கு 10 பேர்ச்சஸ் கொடுத்தால் மொத்தம் 6,250 ஏக்கர். நாட்டின் தேயிலைக் காணி சுமார் 2 லட்சம் ஹெக்டேயர், அதாவது ஐந்து லட்சம் ஏக்கருக்குக் கிட்ட. நூற்றுக்கு ஒன்றே காலை ஒட்டித்தான் வருகிறது.

சின்னக்கரத்துக்கு எதிராக எப்போதும் வருவது ஒரே பேச்சு: "கொடுத்தா வித்துருவாங்க." கொழும்பில் வீடு வாங்குகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் இதைச் சொன்னவர்களில் எங்கள் லயத்து அக்கா ஒருவரும் இருந்தார் என்பதால் நான் உடனே தட்டிவிடவில்லை. அவருக்கு நுண்கடன் தொல்லை உண்டு. வாரத்துக்கு வாரம் வசூலுக்கு வருகிறவர் வாசலில் நிற்கும்போது உறுதி பெட்டியில் இருந்தால் அது முதலில் வெளியே போகும் என்றார். எல்ல, நுவரெலியாப் பக்கம் காணிக்கு விலை எப்படி ஏறியிருக்கிறது என்பதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்கு மருந்து விற்பனைத் தடை என்று நான் நினைக்கவில்லை. புருஷன், மனைவி இருவர் பெயரிலும் உறுதி, இருவரும் கையெழுத்து வைக்காமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று ஒரு வரி. பத்து வருடத் தடையைவிட அந்த இரண்டாவது கையெழுத்துக்குப் பலம் அதிகம். அக்கா அதற்குத் தலையாட்டினார். அவர் புருஷன் வேறு பக்கம் பார்த்தார்.

உறுதி கைக்கு வரும் பாதைதான் இந்த வழியின் பெரிய சிக்கல். கம்பனி குத்தகையிலிருந்து அந்தத் துண்டை விட வேண்டும், கூட்டுத்தாபனமோ ஜனவசமவோ விட வேண்டும், காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் பைல் நகர வேண்டும், சர்வே பிளான் வேண்டும், அப்புறம்தான் உறுதி. பக்கத்துப் புதுக் கிராமம் ஒன்றில் சாவி கொடுத்த அன்றைக்குப் படமெடுத்தார்கள், உறுதி பிறகு என்றார்கள், அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை 2018 இன் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்தார்கள். நாலு இடத்துக் கையெழுத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்து, இத்தனை மாதத்துக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாகவே எடுக்கப்படும் என்று சட்டத்தில் எழுதினால் பாதி வேலை முடியும். 2045 க்குப் பிறகு குத்தகையை நீட்டும் பேச்சு வரும்போது குடியிருப்புக் காணியை முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பேச வேண்டும். நீட்டிவிட்டுப் பிறகு எங்களைப் பார்ப்போம் என்றால் இன்னொரு 53 வருடம்.

இங்கே கடற்கரைச் சட்டத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்கலாம். 1981 இன் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டரைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் எதையாவது கட்டவோ தோண்டவோ தனியாக அனுமதி எடுக்க வேண்டும். காணிக்குச் சொந்தக்காரர் யார் என்பது வேறு பைல், அங்கே என்ன செய்யலாம் என்பது வேறு பைல். உறுதிக் காணியாக இருந்தாலும் அந்த 300 மீட்டருக்குள் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. அனுமதி கிடைக்கவில்லை என்பதற்காக உறுதி பொய்யாகிவிடுவதும் இல்லை.

மலையில் இந்த இரண்டையும் குழப்பிவிட்டார்கள். மண்சரிவு அபாயம், அதனால் நிரந்தர உறுதி தர முடியாது என்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது மறக்கிற விஷயம் இல்லை. அது முன்பே எச்சரிக்கப்பட்ட இடம். போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு இருந்தால் போயிருப்பார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலை இறங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடம் ஒரு இடத்தில் கட்டாதே என்றால் கட்டக் கூடாது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அது கட்டடத்துக்கான தடையாக இருக்கட்டும். உரிமை குடும்பத்தோடு போகட்டும்: இந்த லயத்தில் 10 பேர்ச்சஸ் உங்களுக்கு உண்டு, இந்த இடம் ஆபத்து, ஆகவே இதே தோட்டத்தில் ஆபத்தில்லாத இடத்தில் அதே 10 பேர்ச்சஸ். அபாயத்தைச் சொல்லி அனுமதிப்பத்திரத்தோடு நிறுத்தினால், ஆள் ஆபத்தான இடத்திலேயே உரிமையும் இல்லாமல் இருப்பார்.

வீட்டுக் காணி வேறு, பயிர்க் காணி வேறு என்பதையும் கூட்டத்தில் சொன்னேன், அதற்குக் கொஞ்சம் சத்தம் வந்தது. சில தோட்டங்களில் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று தேயிலை மலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். புல் வெட்டி, உரம் போட்டு, கொழுந்து எடுத்து அதே கம்பனிக்குக் கொடுத்தால், உரக் காசைக் கழித்து மிச்சம் கைக்கு வரும். நல்ல மாதத்தில் நாட்சம்பளத்தைவிடக் கூடக் கிடைக்கிறது என்கிறார்கள். ஆனால் மண்ணுக்கு ஒரு தாளும் இல்லை, இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்ன ஆகும் என்பதும் கேள்வி. நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களின் மலையிலிருந்துதான் வருகிறது. அவர்களுக்கு மானியமும் கன்றும் கொடுக்க ஒரு அதிகார சபையே இருக்கிறது, காணிக்குத் தாள் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே பயிர்க் காணிக்கு மட்டும் குத்தகையே சரியென்று எனக்குப் படுகிறது. செடி நட்டுக் காசு பார்க்க வருடம் பிடிக்கும் என்பதால் 30 வருடத்துக்குக் குறையாமல், கம்பனியிடமிருந்து அல்லாமல் அரசிடமிருந்து நேரே, குடும்பத்துக்குள் கைமாற்றலாம், வெளியாருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு. வீட்டுக்கு நான் ஒத்துக்கொள்ளாத நிபந்தனையை மலைக்கு ஒத்துக்கொள்கிறேன். மலை கைமாறித் துண்டு துண்டாகி ஹோட்டலுக்குப் போனால், பீலியில் வரும் தண்ணீரும் போகும்.

கடைசியில் ஒரு தாளில் எழுதினோம். வீட்டுக்கு 10 பேர்ச்சஸ் சின்னக்கரம், இருவர் பெயரில், தோட்டத்தில் வேலை செய்கிறார்களா இல்லையா என்று பார்க்காமல். அபாய இடமென்றால் அதே அளவு வேறிடம். பயிர்க் காணிக்கு நேரடிக் குத்தகை. உறுதி வரும்வரைக்கும் கரண்டுக்கும் தண்ணீருக்கும் கிராம சேவகரின் கடிதம் போதும் என்று ஒரு இடைக்கால விதி, இது பெரியப்பா கேட்டுச் சேர்த்தது.

கையெழுத்து வாங்கும்போது அவர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "உங்க பெரியம்மா பேரையும் இதிலேயே போட்ருவோமா?" என்றார். பெரியம்மா வீட்டில் இருந்தார். கூப்பிட்டு அனுப்பினோம். கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவர் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார்.